புற்றரையின் தண்ணீர்க் கணக்கு

ஜேர்மனியில் எம்மவர் பலர் இன்று சொந்த வீடு வாங்கிக் குடியேறியுள்ளனர். வீட்டோடு சேர்ந்து ஒரு புற்றரையும் கைக்கு வந்துவிடுகிறது. அதனை வெட்டவும் நனைக்கவும் நேரமற்றோர், புல்லைக் கிளறி எறிந்துவிட்டுச் சரளைக்கல் பரப்பிவிட எண்ணுகின்றனர். தண்ணீரும் மிச்சம், வேலையும் மிச்சம் என்பது அவர்கள் கூறும் நியாயம். வுப்பர்டாலில் இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

புல்லை அகற்றித் தண்ணீரைச் சேமிக்கும் இம்முறை மழை குறைந்த நிலங்களில் பிறந்தது. அமெரிக்காவின் டென்வர் நகர நீர் வாரியம் 1981இல் இதற்கு 'ஸெரிஸ்கேப்' எனப் பெயரிட்டது. பாலைவன நகரான லாஸ் வேகாஸில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் மட்டுமே. அங்கு நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சதுர மீற்றர் புற்றரை ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 லீற்றர் நீரைக் குடிக்கிறது. வறட்சி தாங்கும் செடிகள் நட்ட நிலத்துக்கோ 700 லீற்றர் போதுமாயிருந்தது. புல்லை அகற்றுவோருக்கு நீர் வாரியமே பணம் கொடுப்பதில் வியப்பில்லை. தனிவீடுகள் தவிர்ந்த இடங்களில், வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரை 2027 முதல் பாய்ச்சக்கூடாதென நெவாடா மாநிலம் 2021இல் சட்டமே இயற்றியது.

வுப்பர்டாலின் நிலை வேறு. இங்கு ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழை பெய்கிறது. எமது யாழ்ப்பாணத்து மழையும் அளவில் இதற்குக் குறைந்ததன்று. ஆனால் அங்கு பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆறில்லாக் குடாநாட்டில் எஞ்சிய மாதங்களுக்குக் கிணறே கதி. துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த தலைமுறைக்குத் தண்ணீரின் விலையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கோ மழை ஆண்டு முழுவதும் பங்கிட்டுப் பெய்கிறது. 2018, 2022 போன்ற வறண்ட கோடைகளில்தான் புல் பழுக்கிறது. அப்போதும் மழை கண்டதும் பெரும்பாலும் தானே துளிர்த்துவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 100 சதுர மீற்றர் புற்றரைக்கு, வறண்ட பத்து வாரங்கள், வாரமொரு முறை சதுர மீற்றருக்கு 15 லீற்றர் வீதம் இறைத்தால் செலவாவது 15 கனமீற்றர். குடிநீரும் கழிவுநீரும் சேர்த்துக் கனமீற்றருக்கு 5 யூரோ என வைத்துக்கொண்டால் 75 யூரோ. கல் பரப்பும் வேலையை நிறுவனமொன்றிடம் ஒப்படைத்துச் சதுர மீற்றருக்கு 50 யூரோ கொடுத்தால் 5,000 யூரோ. போட்ட முதல் திரும்ப 66 ஆண்டுகளுக்கு மேல் செல்லும்! பேரப்பிள்ளைகள்தாம் இலாபம் காண்பர்.

அதற்கும் மேலாகச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலக் கட்டடச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கட்டடம் எழுப்பாத நிலம் நீரை உறிஞ்சக்கூடியதாகவும் பசுமையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கல் தோட்டம் இதற்கு ஏற்புடையதன்று என்பதை 2024இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தெளிவாக்கிவிட்டது. செங்குத்தான சரிவுகளைக் கொண்ட இந்நகரில் இது வீண் கெடுபிடியன்று. 2018 மே 29ஆம் நாள் பெருமழையையும், 2021 யூலையில் வுப்பர் ஆறு கரைபுரண்டதையும் இங்குள்ளோர் அறிவர்.

உண்மையான சேமிப்பு வேறிடத்தில் இருக்கிறது. கூரை, கொங்கிறீற் முற்றம், வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றில் விழுந்து பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குள் ஓடும் மழைக்கும் நாம் கட்டணம் செலுத்துகிறோம். மழைநீரைத் தனியாகக் கணக்கிட வேண்டுமென மூன்ஸ்ரர் உயர் நிர்வாக நீதிமன்றம் 2007 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. கட்டணம் சதுர மீற்றர் அளவிலே விதிக்கப்படுகிறது. ஆகவே பெயர்க்க வேண்டியது புல்லையன்று, தேவையற்ற கொங்கிறீற்றையே. பெயர்த்தபின் வரைபடத்துடன் நகரசபைக்கு எழுத்தில் அறிவித்தல் அவசியம். அறிவிக்காதவரை பழைய கட்டணமே தொடரும். வாடகைக்கு இருப்போரும் இதனை ஆண்டிறுதி உபசெலவுக் கணக்கில் தேடிப் பார்க்கலாம்.

புல்லை அப்படியே விட்டு, ஐந்து ஆறு சென்ரிமீற்றருக்குக் கீழ் வெட்டாதிருந்தால் வேரடி ஈரம் காக்கப்படும். வெட்டுவதே சுமையெனில் ஒரு பகுதியை ஆண்டில் இருமுறை மட்டும் வெட்டும் பூம்புல்வெளியாக்கலாம். விதைக்கான செலவு மிகச் சொற்பம். கூரை நீர்க்குழாயின் கீழ் ஒரு பீப்பாய் வைப்பதும் நன்று. 50 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 500 லீற்றர் இறங்கும். தோட்டத்துக்கெனத் தனி நீர்மானி பொருத்திக் கழிவுநீர்க் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் வழியும் உண்டு. எனினும் ஆறு ஆண்டுக்கொரு முறை மானியை மாற்றும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் சிறிய வளவுக்கு அதில் மிச்சம் அரிது.

மாடிவீடுகளில் வாழ்வோர் குத்தகைக்கு எடுக்கும் சிறுதோட்டங்களுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நிலத்தில் மூன்றிலொரு பங்கிலாவது பழமும் மரக்கறியும் விளைய வேண்டுமென்பது 2004இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விளக்கம். அங்கு புல் இருந்த இடத்தில் பூசணியும் கீரையும் போடுவதை எவரும் தடுக்கப் போவதில்லை. அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் கறிச்சட்டிக்குத் திரும்பி வருகிறது.