கூட்டிப் பார்க்கக் கூடாத எண்கள்

மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை இன்று தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலைப்பள்ளி வரை எல்லா ஆசிரியர்களுக்கும் வந்துவிட்டது. எமிஸ் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், தேர்வு மதிப்பெண், விளையாட்டுப் போட்டிக்கான வயதுப் பட்டியல் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஓர் எக்செல் தாள் நம் முன்னால் திறந்தே இருக்கிறது. அதில் ஏதேனும் பிசகினால், ‘கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறது’ என்கிறோம். கணக்குப் பாடத்தோடு இந்த வேலையையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். நம் பட்டியல்களில் கூட்டல் கழித்தலில் கணினி தவறி நான் பார்த்ததில்லை. நாம் கொடுத்த விவரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அது வேறுவிதமாக எடுத்துக்கொண்டதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு உதவித்தொகை வரவில்லை. உடன் படிக்கும் தோழிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. அவளுடைய அம்மா கூலி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கும் வங்கிக்குமாக அலைந்தார். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் எண்ணை இருமுறை சரிபார்த்துத்தான் அடித்திருந்தார். பிறகு பாஸ்புக்கையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 16 இலக்கக் கணக்கு எண்ணில் முதல் 15 இலக்கங்கள் அப்படியே இருந்தன; கடைசி இலக்கம் மட்டும் 0 ஆகியிருந்தது.

இது தட்டச்சுப் பிழை அன்று. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் இலக்கங்களை எச்சரிக்கை எதுவும் காட்டாமல் பூச்சியமாக்கிவிடும். 12 இலக்க ஆதார் எண் இந்த அளவுக்குள் அடங்கிவிடுவதால் அழியாது. ஆனால் சாதாரணக் கலத்தில் அது 4.56 என்பதுபோலத் தொடங்கி, நடுவில் ஓர் ஆங்கில ‘இ’ எழுத்தோடு சுருங்கி நிற்கும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கலத்தின் வடிவத்தை மாற்றினால் முழு எண்ணும் தெரியும். 16 இலக்க எண்ணின் கதை வேறு. பூச்சியமான இலக்கம், பிறகு வடிவத்தை மாற்றினாலும் திரும்பாது. பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிப்பது ஒன்றே வழி. பூச்சியத்தில் தொடங்கும் கணக்கு எண்ணாக இருந்தால், முன்னால் உள்ள பூச்சியமும் காணாமல் போகும்.

ஆகவே ஒரு நெடுவரிசையில் எண்களை ஏற்றும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இதை எப்போதாவது கூட்டிப் பார்ப்பேனா, சராசரி எடுப்பேனா? மதிப்பெண்ணைக் கூட்டுவோம், உயரம், எடைக்குச் சராசரி எடுப்போம். இரண்டு மாணவர்களின் ஆதார் எண்களை யாரும் கூட்டுவதில்லை. வங்கிக் கணக்கு எண், ஆதார், எமிஸ் எண், கைபேசி எண், அஞ்சல் குறியீடு ஆகியவை இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள். பெயருக்கு உரிய வகை ‘டெக்ஸ்ட்’. நெடுவரிசை முழுவதையும் தேர்வு செய்து, அடிக்கத் தொடங்கும் முன்பே அதை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். வேறு இடத்திலிருந்து பதிவிறக்கிய சிஎஸ்வி கோப்பாக இருந்தால் இரட்டைச் சொடுக்கில் திறப்பதைத் தவிர்க்கலாம். ‘டேட்டா’ பட்டியில் உள்ள இறக்குமதி வழியாகக் கொண்டுவந்தால், எந்த நெடுவரிசை என்ன வகை என்று நாமே சொல்ல முடியும்.

இதே சிக்கல் 12-ஆம் வகுப்பில் எஸ்க்யூஎல் படிக்கும் மாணவர்களின் செயல்திட்டங்களிலும், கைபேசிச் செயலி எழுதிப் பார்ப்பவர்களிடமும் வேறு உருவில் வரும். கைபேசி எண்ணை ‘இன்டீஜர்’ வகையில் அறிவித்துவிடுவார்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்த வகையின் உச்ச எல்லை 2147483647. நம் கைபேசி எண்களோ 6, 7, 8, 9 என்ற இலக்கங்களில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். எல்லாமே அந்த எல்லையைத் தாண்டியவை. மென்பொருளின் அமைப்பைப் பொறுத்து, அது பதிவை ஏற்க மறுக்கும். இல்லையேல் எல்லா மாணவருக்கும் 2147483647 என்று ஒரே எண்ணைப் பதிந்து வைக்கும். (கணக்காசிரியர்களுக்கு ஓர் இடைச்செருகல்: அது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அது பகா எண் என்பதை ஆய்லர் 1772-இல் நிறுவினார். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.) ‘வார்கேர்’ என்று அறிவித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எண்களைவிடத் தமிழ்ப் பெயர்களில்தான் எனக்கு அதிக நேரம் செலவாகியிருக்கிறது. கௌரி, கெளரி. இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ‘ஔ’காரக் குறி. இரண்டாவதில் இருப்பது ‘கெ’ என்ற எழுத்தும் அதன்பின் ‘ள’ என்ற எழுத்தும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் நாம் ‘கௌரி’ என்றே படித்துவிடுகிறோம். கணினிக்கு இவர்கள் இருவேறு ஆட்கள். சேர்க்கைப் பட்டியலில் ஒரு விதமாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும் அடித்திருந்தால், பெயரை வைத்து ‘விலுக்கப்’ போட்டதும் கௌரி கிடைக்கவில்லை என்று வரும். அகர வரிசைப்படுத்தினாலும் இருவரும் வேறு வேறு இடங்களில் போய் நிற்பார்கள். சந்தேகம் வந்தால் ‘லென்’ ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள். முதல் கௌரிக்கு 4 வரும், இரண்டாமவளுக்கு 5 வரும். கௌசல்யா, கௌதம், சௌந்தர்யா, மௌனிகா உள்ள வகுப்புகளில் இதை ஒருமுறை சோதிப்பது நல்லது.

இது போதாதென்று முன்னெழுத்துத் தகராறு வேறு. ‘மு. கார்த்திக்’, ‘மு.கார்த்திக்’, ‘கார்த்திக் மு’ மூன்றும் நமக்கு ஒரே பையன். கணினிக்கு மூன்று பையன்கள். பெயரின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை ‘ட்ரிம்’ நீக்கிவிடும். மற்றதெல்லாம் கையால்தான். இவற்றையெல்லாம் சீராக்கினாலும் ஒரே வகுப்பில் உண்மையாகவே இரண்டு மு. கார்த்திக் இருந்தால் என்ன செய்வது? அதனால்தான் தரவுத்தளப் பாடத்தில் முதன்மைத் திறவுகோல் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டு பட்டியல்களை இணைக்கும்போது எமிஸ் எண்ணைக் கொண்டே இணைக்க வேண்டும். பெயர் நாம் படித்துச் சரிபார்ப்பதற்கு மட்டும். ‘விலுக்கப்’ பயன்படுத்துவோர் நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று கொடுக்க மறக்க வேண்டாம். அதை விட்டுவிட்டால், சரியான எண் கிடைக்காதபோது கிட்டத்தட்டப் பொருந்துகிற வேறொரு வரிசையை எக்செல் எடுத்துக் கொடுக்கும். பிழைச் செய்தியாவது நம்மை நிறுத்தும். பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது.

பிறந்த தேதியில் வேறொரு வம்பு உண்டு. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/06/2014 என்று நாம் அடிக்கும் ஜூன் 5-ஐ அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 15/06/2014 என்றால் 15-ஆவது மாதம் இல்லையே என்று அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து. கண்டுபிடிக்கும் வழி எளிது: நாமாக ஓரம் மாற்றாதவரை தேதிகள் கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். சில தேதிகள் இடமும் சில வலமுமாக நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றில்தான் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும். பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு ஒரு மாணவனைத் தகுதியில்லாதவன் ஆக்க இந்த ஒரு மாற்றம் போதும். வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில், 2014-06-05 என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. மைஎஸ்க்யூஎல் தேதிகளைக் காட்டும் முறையும் அதுவே.

எக்செலின் இந்தத் தேதி மோகம் நம்மோடு நிற்கவில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்பன போன்ற குறியீடுகள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக்கி ஆய்வுப் பட்டியல்களைக் குழப்பிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்தக் குறியீடுகளையே மாற்றியது. அந்த மாற்றத்தை விளக்கும் வழிகாட்டுதல் 2020-இல் வெளிவந்தது.

மதிப்பெண் பட்டியலில் தேர்வுக்கு வராத பிள்ளைக்கு 0 போடுகிற வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஐவரில் நால்வர் 80, 60, 70, 50 வாங்கி, ஒருவர் வரவில்லை என்று வையுங்கள். 0 போட்டால் வகுப்புச் சராசரி 52. கலத்தைக் காலியாக விட்டால் 65. கற்றல் அடைவு பற்றிய கூட்டத்தில் ஆசிரியர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியது இந்த 13 மதிப்பெண் வேறுபாட்டுக்காக இருக்கலாம். தரவுத்தளத்தில் இந்தக் காலியிடத்துக்கு ‘நல்’ என்று பெயர். ‘நல்’ என்பது பூச்சியம் அன்று. மதிப்பு தெரியவில்லை என்று பொருள். எஸ்க்யூஎல்லில் சராசரி எடுக்கும்போது அது கணக்கில் சேராது.

வருகைப் பதிவுச் செயலி எழுதிப் பார்க்கும் மாணவர்களிடம் நான் கேட்பது, சிக்னல் இல்லாத ஊரில் ஆசிரியர் ‘சேமி’ பொத்தானை மூன்று முறை அழுத்தினால் என்ன ஆகும் என்பது. பெரும்பாலும் ஒரே பிள்ளைக்கு மூன்று பதிவுகள் விழும். மாணவர் எண், தேதி, முற்பகலா பிற்பகலா என்ற வேளை ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே திறவுகோலாக வைத்தால், இரண்டாவது பதிவைத் தரவுத்தளமே தடுத்துவிடும். சென்ற பருவத்தில் கற்பனைப் பெயர்களும் கற்பனை எண்களும் கொண்ட 40 வரிப் பட்டியல் ஒன்றில் மேலே சொன்ன கோளாறுகளை எல்லாம் ஒளித்துவைத்து, 12-ஆம் வகுப்பில் கொடுத்தேன். பூச்சியத்தில் முடிந்த 16 இலக்க எண்களை முதலில் சந்தேகப்பட்டது பின்வரிசை மாணவி ஒருத்தி. ‘இத்தனை பேருக்கும் கணக்கு எண் எப்படி சார் பூச்சியத்திலேயே முடியும்?’ என்று கேட்டாள்.