வளரிளம் பருவத்தினரின் உடலுழைப்பும் நாளைய நீரிழிவும்

வடமராட்சியின் கரவெட்டி, நெல்லியடிப் பகுதிகளில் பிற்பகல் வேளையில் வீதியோரம் நிற்பவருக்கு ஒரு காட்சி தவறாது தென்படும். பாடசாலை விட்டு வந்த மாணவர்கள் உணவருந்திய கையோடு தனியார் கல்வி நிலையங்களை நோக்கி விரைகின்றனர். பலர் பெற்றோரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்கின்றனர். இருட்டிய பின் வீடு திரும்பினால் பாடப்புத்தகம். அதன் பின் கைத்தொலைபேசி. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்க விளையாட்டு மைதானம் அவர்களின் நாளிலிருந்து மறைந்தே போகின்றது. காத்தான்குடியிலும் புத்தளத்திலும் கொழும்பிலும் வாழும் பெற்றோருக்கும் இந்நிலை புதியதன்று.

5 முதல் 17 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. ஆயினும் 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016 இல் 11 முதல் 17 வயதுடைய மாணவர்களில் 81 சதவீதமானோர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் இது 78 சதவீதம்; பெண் பிள்ளைகளில் 85 சதவீதம்.

பதின்ம வயதில் உடலியக்கம் ஏன் இத்துணை முக்கியமாகின்றது? பருவமடையும் காலத்தில் இன்சுலின் சுரப்புக்கு உடல் இசைந்து கொடுக்கும் தன்மை இயல்பாகவே சற்றுக் குறைகின்றது. ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் சுருங்கி விரியும் தசைகள், இன்சுலினை அதிகம் நம்பியிராது குருதியிலுள்ள குளுக்கோசை உள்வாங்குகின்றன. விளையாட்டு முடிந்த பின்னரும் பல மணி நேரம் இப்பயன் நீடிக்கின்றது. தசைகள் ஓய்ந்திருக்கும் உடலிலோ மிஞ்சிய சக்தி கொழுப்பாக மாறி வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் படிகின்றது.

"என் பிள்ளை மெலிந்தவன்தானே" என்று ஆறுதல் கொள்வதும் தவறு. ஒரே உயரமும் எடையும் உடைய ஐரோப்பியரோடு ஒப்பிடுகையில் தெற்காசியரின் உடலில் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் காணப்படுகின்றன. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடிப்பது அழுக்கு அன்று. பெரும்பாலும் அது இன்சுலின் சரிவரச் செயற்படாமையின் அறிகுறி. வயிற்றுப் பருமனோடு குருதி அமுக்கமும், வெறும் வயிற்றில் குருதிச் சீனியும், கொழுப்பின் அளவுகளும் பிறழ்வது பதின்ம வயதிலேயே தொடங்கலாம். போர் காரணமாக வடக்கு, கிழக்கு நீங்கலாக 2005-2006 இல் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தமை தெரியவந்தது. நாற்பது வயதில் வெளிப்படும் நோய்க்கு அடித்தளம் பதினான்கு வயதிலேயே இடப்படலாம் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

மாலை வகுப்புகளுக்கு இடையே பசி தீர்ப்பவை ரோல்சும் பற்றிசும் மென்பானமும்தான். மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு 2016 முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் பார்த்து வாங்கப் பிள்ளைகளைப் பழக்குவது பெற்றோரின் கடமையாகும். அவித்த கடலையும் குரக்கன் பிட்டும் பனங்கிழங்கும் நம் வீடுகளுக்கு அந்நியமானவை அல்ல. றமழான் மாதத்தில் நோன்பு துறக்கும் வேளையில் எண்ணெயில் பொரித்தவற்றையும் சீனிப் பானங்களையும் குறைத்து, இரவில் சிறிது நடப்பதும் நோன்பிருக்கும் பிள்ளைகளுக்கு நன்மை தரும்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பருவமடைந்ததும் அவர்களின் ஓட்டமும் ஆட்டமும் நிறுத்தப்படுவது தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் வழக்கமாகிவிட்டது. எலும்பு பலம் பெறும் வயதும் இதுவே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாடசாலை வளவுக்குள், பெண் ஆசிரியையின் மேற்பார்வையில், பண்பாட்டுக்கு ஏற்ற உடையில் வலைப்பந்தோ கயிறடித்தலோ ஆடுவதற்கு எந்தத் தடையும் இருக்க நியாயமில்லை.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்தபோது குடாநாடே துவிச்சக்கர வண்டியில் ஓடியது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியிலும் அதுவே கைகொடுத்தது. அந்த நாட்களின் துன்பம் எவருக்கும் மீண்டும் வேண்டாம். அந்தச் சைக்கிள் மட்டும் பிள்ளைகளிடம் திரும்பினால் போதும். மாலையில் ஒரு மணி நேரத்தை வகுப்புகளற்ற நேரமாகத் தனியார் கல்வி நிலையங்கள் உடன்பட்டு ஒதுக்க வேண்டும். உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தாரை வார்க்கும் வழக்கத்தைப் பாடசாலைகள் கைவிட வேண்டும்.

பரீட்சையில் ஒன்பது 'ஏ' பெற்ற பிள்ளை நாற்பது வயதில் நாள்தோறும் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருப்பதை எந்தப் பெற்றோரும் விரும்பார். கிளித்தட்டு மறித்த முற்றங்களையும் பந்து உருண்ட மைதானங்களையும் மாலைக்கு ஒரு மணி நேரமாவது அவர்களிடம் திருப்பிக் கொடுப்போம்.