அரக்கு தந்த நாடு பசைக்குக் கையேந்துவதா?

தோழரே!

நள்ளிரவில் ஒரு கையில் ஏணி, மறு கையில் வாளி. அம்பத்தூர்ச் சுவரெங்கும் கூட்டச் சுவரொட்டி ஒட்டிய கை உமது கை! அந்த வாளியில் இருந்தது என்ன? மாவைக் கரைத்து, அடுப்பிலேற்றி, கட்டிதட்டாமல் கிண்டிய பசை. கப்பலேறி வந்ததல்ல, நாமே காய்ச்சியது!

பொழுது விடிந்ததும் அதே கை தொழிற்பேட்டையில் வேறொரு பசையைத் தொடுகிறது. 1964இல் எழுந்த அந்தப் பேட்டையிலும், ஆவடி, பூந்தமல்லிச் சாலையோரப் பட்டறைகளிலும் அட்டைப்பெட்டி ஒட்டுவோரும், புத்தகம் கட்டுவோரும், மரப்பலகையின் விளிம்பில் பட்டை ஒட்டுவோரும் 'ஹாட் மெல்ட்' என்ற பெயரை நன்கறிவர். உருக்குப் பசை என்போம் நாம். வெளிர்மஞ்சள் மணிகளாக வரும். தொட்டியில் கொட்டி 150 முதல் 180 டிகிரி வரை சூடேற்றினால் உருகும். பட்ட இடத்தில் நொடியில் இறுகும். தண்ணீர் வேண்டாம், தின்னர் வேண்டாம், உலரக் காத்திருக்கவும் வேண்டாம். கைமேல் ஒரு துளி தெறித்தால் தோலைப் பொசுக்கும். வேலை செய்பவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை!

அந்த மணிகள் எதனால் ஆனவை? பெரும்பாலும் கச்சா எண்ணெயின் வழிவந்த பிளாஸ்டிக். அந்த எண்ணெயோ, நூற்றுக்கு 85 பங்குக்கும் மேல் இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்குவது. எங்கோ வளைகுடாவில் குண்டு வெடித்தால், இங்கே பெட்டி ஒட்டும் சின்னப் பட்டறைக்காரர் தலையில் கை வைக்கிறார். அவர் தலையில் கை வைத்தால், தொழிலாளியின் வயிற்றில் அடி விழுகிறது!

இந்த வித்தையை மேல்நாட்டான்தான் நமக்குக் கற்றுக் கொடுத்தானா? இல்லை! அரக்கு மாளிகைக் கதையைக் காலட்சேபத்தில் கேட்டிருப்பீர். கதை கிடக்கட்டும்; அரக்கு உண்மை! புரசு மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சுட்டால் உருகும், ஆறினால் இறுகும். அரிவாளைப் பிடிக்குள் நிறுத்தியது அரக்கு. பொற்கொல்லர் நகையை அசையாமல் பதித்து வேலை செய்தது அரக்கின்மீது. வாக்குப் பெட்டிக்கு முத்திரை வைத்ததும் அரக்கு! இயற்கை தந்த உருக்குப் பசை அதுவன்றி வேறெது? ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் 1924இலேயே இதற்கென ஆராய்ச்சி நிலையம் கண்டனர். அந்நாளைய கிராமபோன் தட்டும் அரக்கால் ஆனதே. பிறகு எண்ணெய் வழிவந்த பிளாஸ்டிக் வந்தது. அரக்கு பின்வாசலுக்குத் தள்ளப்பட்டது.

பழம்பெருமை பேசினால் பெட்டி ஒட்டாது என்பீர். உண்மை! ஆகவே இன்றைய கணக்கைப் பார்ப்போம்.

உருக்குப் பசைக்கு முப்பொருள் வேண்டும்: உடலாக நிற்க ஒன்று, பற்றிக்கொள்ள ஒன்று, இளக்கிவிட ஒன்று. பற்றும் பொருளாக, பைன் மரத்தைக் கீறி வடிக்கும் பிசின் இன்றும் பல பசைகளில் சேர்கிறது. இளக்குவதற்கு, அரிசித் தவிட்டு எண்ணெயைத் தெளிவிக்கையில் பிரியும் மெழுகைக் கொண்டு முயலலாம். உடலாக நிற்க? மரவள்ளி இருக்கிறது! இரண்டாம் உலகப் போரில் கடல்வழி அடைபட்டு, ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் முளைத்தது மரவள்ளித் தொழில். தட்டுப்பாடு கற்றுத்தந்த பாடம் அது! 1981இல் உற்பத்தியாளர்களுக்கென 'சேகோசர்வ்' கூட்டுறவும் அங்கே எழுந்தது.

தடை இல்லையா? உண்டு, மறைக்க மாட்டேன். அரக்கு நொறுங்கும் இயல்புடையது. மரவள்ளி மாவு தனியே உருகாது, கருகும். கிளிசரின் போன்றதைச் சேர்த்தால்தான் இளகும். இளகினாலும் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் ஒட்டு விடும். மாவுச்சத்தையோ கரும்புச் சர்க்கரையையோ புளிக்கவைத்துப் பெறும் 'பாலிலாக்டிக்' பிளாஸ்டிக் ஈரத்தைத் தாங்கும். ஆனால் 60 டிகிரியை நெருங்கினால் நெகிழும். சித்திரை வெயிலில் மூடிய லாரிக்குள் பெட்டி வாய் பிளந்தால் என் செய்வது? செடியில் பிறந்தது என்பதாலேயே எல்லாம் மண்ணில் மக்கிவிடும் என்றும் எண்ணாதீர். எதை எதோடு, எவ்வளவு கலப்பது என்று கண்டறிய வேண்டியவை ஆய்வுக்கூடங்கள்.

ஆயினும் முடியாததன்று! தாய்லாந்து நாட்டில் ரயோங் என்ற இடத்தில், கரும்புச் சர்க்கரையிலிருந்து ஆண்டுக்கு 75,000 டன் பாலிலாக்டிக் செய்யவல்ல ஆலை 2018இல் இயங்கத் தொடங்கிற்று. அங்கும் கரும்பு, இங்கும் கரும்பு! அங்கே ஆலை, இங்கே ஆலோசனையா?

நம் கவலை இன்னொன்றும் உண்டு. 1955இல் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்ம பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் நின்றது. இலாபம் முதலாளியிடம் நின்றது! நாளை பசுமைப் பசை என்று பெயர் சூட்டிப் பெரிய நிறுவனங்கள் வரும். கிழங்கைத் தோண்டிய உழவனுக்கு அடிமாட்டு விலை, உருக்கும் தொழிலாளிக்குச் சூட்டுக் காயம், இலாபம் மட்டும் எவனோ ஒருவனுக்கு என்றால், அந்தப் பசுமை யாருக்குப் பசுமை?

ஆகவே கேட்போம்: மரவள்ளிக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும். சிறு பட்டறைகள் கூடிச் சோதித்துப் பார்க்க, பேட்டைக்குள்ளேயே பொது ஆய்வுக்கூடம் வேண்டும். தொட்டியருகே நிற்பவனுக்குக் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். உண்ணும் பயிரின் நிலத்தைப் பறிக்காத திட்டம் வேண்டும்.

சுவரொட்டிக்குப் பசை காய்ச்சத் தெரிந்த கை, தொழிலுக்கும் காய்ச்சும்! உழவனையும் தொழிலாளியையும் பிரியாமல் ஒட்டவைக்கும் பசையே நமக்கு வேண்டும், தோழரே!