நின்ற வண்டியும் நிலை உணரியும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். சித்திரை மாத நண்பகலில் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துச் சாலையொன்றில் ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் கார் திடீரென நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கிறது, ஆயினும் பற்றிக்கொள்வதில்லை. அரைமணி நேரம் ஆறவிட்டுத் திருப்பினாலோ, யாதொரு பழுதும் இல்லாததுபோல் கிளம்பிவிடுகிறது. இதற்குக் காரணமாகக் கூடியவற்றுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிற்றுறுப்பு. அதனைக் கிராங்க் நிலை உணரி என்பர். பட்டறைகளில் கிராங்க் சென்சார் என்றே வழங்குவர்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டே கிராங்க். எரிபொருளை எப்போது தெளிப்பது, தீப்பொறியை எப்போது எழுப்புவது என்பன அத்தண்டு நிற்கும் நிலையைப் பொறுத்தவை. பழைய அம்பாசிடரில் பொறிக்குரிய காலத்தை டிஸ்ட்ரிபியூட்டர் வகுத்தது. இக்காலக் கார்களில் அப்பணி கணினியுடையது. அதற்குத் தண்டின் நிலையைத் தெரிவிப்பது உணரி. பல வண்டிகளில், தண்டோடு சுழலும் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் வகுத்து, இரண்டை மட்டும் இல்லாமல் விட்டிருப்பர். அவ்வெற்றிடம் கடக்கும்போது தண்டின் நிலை கணினிக்குப் புலனாகும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுங்கால், நொடிக்கு 2,900 பற்கள் உணரியைக் கடக்கின்றன! உணரிகளுள் ஒருவகை, 1831-இல் பாரடே கண்ட மின்தூண்டலால் இயங்குவது. மற்றொன்று, 1879-இல் ஹால் என்பார் கண்ட விளைவைப் பயன்கொள்வது.

இக்குறிப்பு வாராதொழியின், கணினி பெட்ரோல் பம்பையும் நிறுத்திவிடும். பம்பு ஓசையற்றிருப்பதைக் கேட்டு, பழுது பம்பிலேயே எனத் துணிந்து அதனை மாற்றுவோரும் உளர். முதலில் நோக்கத்தக்கது சுழற்சி காட்டும் முள். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போதும் முள் சிறிதும் அசையாதிருப்பின், பல வண்டிகளில், ஐயம் உணரியின்மேற் செல்லும். ஸ்கேனரை இணைத்தால் பி0335 என்னும் குறியீடு தோன்றலாம். ஆனால் அக்குறியீடு உணரியைக் குற்றவாளி என்று கூறவில்லை; உணரியின் மின்சுற்றில் எங்கோ குறையுளது என்றே கூறுகிறது. எலி கடித்த கம்பியும், பச்சை பூத்த இணைப்பும், காந்த முனையில் ஒட்டிய இரும்புத் துகளும் அதே குறியீட்டையே தரும். அதை மட்டும் நம்பிப் புதிய உணரி வாங்குவது செலவேயன்றிச் சோதனை ஆகாது.

ஆகவே, கம்பியையும் இணைப்பையும் பார்த்த பின்னரே மீட்டரை எடுத்தல் வேண்டும். பாரடே வகையாயின், அதன் சுருளின் மின்தடையை அளக்கலாம். அது வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால், கையேட்டோடு ஒப்பிடல் வேண்டும். மூன்று கம்பிகளையுடைய ஹால் வகையில் மின்தடை அளத்தல் தகாது. அதற்கு வரும் மின்னழுத்தத்தையும், தண்டு சுழலும்போது அது தரும் குறிப்பையுமே காணவேண்டும்.

இனி, நண்பகற் பழுதுக்கு வருவோம். சுருளின் மெல்லிய கம்பி உள்ளே அறுந்திருப்பின், சூட்டில் விரிந்து விலகும். ஆறியதும் மீண்டும் கூடும். காலையில் பட்டறையில் அளந்தால் அளவு செம்மையாகவே இருக்கும். வண்டியும் நலமெனத் திருப்பியனுப்பப்படும். ஆகையால், நின்ற இடத்திலேயே, சூடு தணியுமுன் அளத்தல் வேண்டும். இயலாதபோது, கழற்றிய உணரியை வெப்பக்காற்றால் மெல்லச் சூடாக்கி அளக்கலாம். நல்ல சுருளின் மின்தடை சூட்டில் சிறிதே கூடும். அறுந்த சுருளோ முடிவிலியைக் காட்டும். புதியதைப் பொருத்துமுன் அதன் இருக்கையைத் துடைத்துச் சக்கரத்தோடு உள்ள இடைவெளியைச் சரிபார்ப்பர். சில வண்டிகளில் ஸ்கேனரைக்கொண்டு, பற்சக்கரத்தின் நுண்வேறுபாடுகளைக் கணினிக்கு மீண்டும் பயிற்றுவித்தலும் வேண்டும்.