வழி அறிவித்தலும் அதன் வரம்பும்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் லயத்தில் வாழ்வோர்க்குத் தனி முகவரி இல்லை. அவர்தம் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தை அடைந்தே கைக்கு வரும். ஒரு காரியாலயம் அயல் தோட்டத்தார் கடிதங்களையும் தனக்குரியன என அறிவிக்க, அஞ்சலகமும் அதனை நம்புமாயின் விளைவு யாதாகும்? இழப்பு லயத்தாருக்கே.

இணையத்திலும் இந்நிலை உண்டு. வலையமைப்புகள் தம்மிடமுள்ள முகவரித் தொகுதிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. 1989இல் முதன்முதல் வரையறுக்கப்பட்ட பீஜீபீ என்னும் நெறிமுறை இவ்வறிவிப்பைச் சுமந்து செல்லும். அதன் மெய்ம்மையைத் தானாக ஆராயாது. 2008 பெப்ரவரி 24இல் பாகிஸ்தான் ரெலிகொம், யூடியூபை உள்நாட்டில் தடுக்க அமைத்த வழி வெளியே கசிந்தது. மேலிருந்த வலையமைப்பு அதனை வடிகட்டாது பரப்பிற்று. யூடியூப் அறிவித்திருந்த தொகுதியினும் அது குறுகியது. குறுகியதனையே வழிப்படுத்திகள் தேரும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அத்தளம் உலகிற் பலருக்கு எட்டாதாயிற்று.

இதற்குக் காப்பு இரண்டு. அயலார்க்குரிய தொகுதிகளைப் பட்டியலிட்டு, ஏனையவற்றை மறுப்பது ஒன்று. எண்ணிக்கைக்கு வரம்பிடுவது மற்றொன்று: வழமையாக 40 வழிகளை அறிவிப்பவர்க்கு 60 எனக் குறித்தால், அதனை மீறியவுடன் தொடர்பு துண்டிக்கப்படும். 1997 ஏப்ரல் 25இல் அமெரிக்க வலையமைப்பொன்று பல்லாயிரம் வழிகளைத் தனதென உரைத்தமை போன்ற பெருக்கை வரம்பு தடுக்கும். ஆயின் பாகிஸ்தானிலிருந்து வந்தது ஒரே வழி. அதனை எந்த வரம்பும் கண்டிராது. ஆகவே பட்டியலே முதன்மையானது என்பது எம் கருத்து. வரம்பை மிக நெருக்கி அமைப்பதும் தகாது. நேர்மையாக வளரும் அயலார், ஒரு வழி மிகுந்தமையால், தம் பயனாளர் அனைவரோடும் துண்டிக்கப்படுவர்.