இகழ்ச்சியால் விளையும் இடர்

மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரிடம் மதுவின் வாடை வீசினால், அவருடைய தடுமாற்றத்துக்கும் உளறலுக்கும் போதையே காரணம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் தலையில் அடிபட்டு மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்தாலும், இரத்தத்தில் சர்க்கரையின் அளவு மிகக் குறைந்தாலும் இதே குறிகள் தோன்றும். மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு இவை நேரும் வாய்ப்பும் அதிகம். ‘போதை தெளிந்ததும் எழுந்து போவான்’ என்று ஒரு மூலையில் கிடத்தப்பட்டவர் எழாமலே போய்விடக்கூடும். ஆகவே, இகழ்ச்சி நோயாளியின் மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. நோயை அறிவதிலும் பிழை நேரச் செய்கிறது.

இகழ்ச்சிக்கு அஞ்சி நோயாளி உண்மையை மறைப்பதாலும் தீங்கு விளைகிறது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தால், குடி திடீரென நின்றுவிடுகிறது. மது மூளையின் கிளர்ச்சியை அடக்கும் இயல்புடையது. அவ்வடக்குதலை நாள்தோறும் எதிர்த்து இயங்கிப் பழகிய மூளை, மது நின்றதும் வரம்பு மீறிக் கிளர்ச்சியுறுகிறது. முதலில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். பின்னர் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சித்தம் கலங்கி, உயிருக்கே ஆபத்து நேரலாம். குடிப்பழக்கம் முன்னரே தெரிந்திருந்தால், டயசிபாம் போன்ற மருந்துகளை உரிய அளவில் கொடுத்து இதனைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அபினி வகைப் பொருள்களுக்கு அடிமையானோரின் நிலையும் இத்தகையதே. அவர்களுக்கு அளிக்கப்படும் புப்ரினார்பின் என்னும் மருந்தை, ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்று சிலர் பழிக்கின்றனர். ஆயினும் ஹெராயின் செயற்படும் அதே மூளை ஏற்பிகளில் இம்மருந்து மெதுவாக இயங்கி, வேட்கையைத் தணிக்கிறது. அளவு மீறிய போதையால் நேரும் மரணத்தையும் குறைக்கிறது.

இந்திய அரசுக்காகப் புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் நடத்தி, 2019-இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார். சிகிச்சை வசதிகள் போதாமையோடு, அவப்பெயருக்கு அஞ்சுவதும் மக்களை மருத்துவரிடம் நெருங்கவிடாமல் தடுக்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவையும் போதைப்பொருள்களையும் தவறாக உபயோகிப்பதோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளை மனநோய்களுள் அடக்கியுள்ளது. உடல் நோயாளருக்குச் சமமாக நடத்தப்படும் உரிமையையும் வழங்கியுள்ளது. இவ்வுரிமையை நடைமுறையாக்குவது கடினமன்று. உணவையும் உறக்கத்தையும் பற்றி விசாரிக்கும் அதே குரலில் மதுவைப் பற்றியும் எல்லா நோயாளரிடமும் விசாரிப்பது முதற்படியாகும். அச்சமின்றிக் கூறப்படும் விடை, பல சமயங்களில் ஓர் உயிரைக் காக்கும்.