வேன் கூரையில் ரெயில் பூட்டலாம், மழை உள்ளே வராமல்

பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டில் போட்டு, சின்ன அடுப்பு ஒன்றும் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் பழக்கம் நம்மவரிடையேயும் பரவி வருகிறது. கேமரன் மலைக்கும் கிழக்குக் கரைக்கும் விடுதிச் செலவில்லாமல் போய்வரலாம். நல்ல பழக்கந்தான். உள்வேலை முடிந்ததும் அடுத்த ஆசை கூரைக்கு ஏறுகிறது. கூடாரம் கட்ட வேண்டும், சூரிய மின்தகடு வைக்க வேண்டும். அதற்குக் கூரையின்மேல் நீளவாட்டில் இரண்டு சட்டங்கள் பூட்ட வேண்டும். பட்டறையில் இவற்றை 'ரெயில்' என்பார்கள்.

மழை ஒழுகாமல் ரெயில் பூட்டுவது எப்படி என்பதுதான் கேள்வி. நம் நாட்டு மழை சாதாரண மழையன்று. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஊசிமுனை அளவு வழி இருந்தாலும் தண்ணீர் கண்டுபிடித்துவிடும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது லாரி ஓட்டுகிறான். வயதான பெற்றோரை ஊர் ஊராக அழைத்துப் போக வேண்டுமென்று சேமித்து ஒரு வேன் வாங்கினான். கூரை ரெயிலை ஒரு பட்டறையில் பூட்டிக்கொடுத்தார்கள். வெறும் திருகாணியை முறுக்கி, தலைமேல் சிலிக்கோனைத் தாராளமாகப் பூசி, "இனி ஒழுகாது" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனது. கட்டில் பலகையின் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடித்த பிறகுதான் உட்கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தான். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துரு பரவியிருந்தது. அம்மாவுக்கு இருமல், அப்பாவுக்குக் கவலை, அவனுக்குச் செலவு. அதையெல்லாம் பிரித்து மறுபடி பூட்டியபோது நானும் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூட நின்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துளையே போடாமல் முடியுமானால் அதுவே சிறந்த வழி. 1950இல் வெளிவந்த ஃபோக்ஸ்வேகன் கோம்பியிலும், பல பழைய ஜப்பானிய வேன்களிலும், கூரையின் இரு ஓரத்திலும் மழைநீர் ஓட வாய்க்கால் போன்ற ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்கள் கடையில் கிடைக்கின்றன. சில புதிய வேன்களில் தொழிற்சாலையிலேயே கூரையில் மறைகளை வைத்து, மேலே மூடி போட்டிருப்பார்கள். உங்கள் வேனின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பதும் அதில்தான் இருக்கும். ரெயிலின் எடையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

துளை போட்டே ஆகவேண்டும் என்றால், அதை எங்கே போடுவது? தோட்டத்து லயங்களில் தகரக் கூரை அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிப்பார்களே தவிர பள்ளத்தில் அடிக்கமாட்டார்கள். பள்ளத்தில் தண்ணீர் ஓடும், மேட்டில் ஓடாது. வேன் கூரையிலும் மேடு பள்ளம் உண்டு. ரெயிலின் கால் தண்ணீர் தேங்கும் இடத்தில் உட்காரக்கூடாது. உட்பக்கத்தில் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது, மின்கம்பி எங்கே போகிறது என்று பார்த்த பிறகே டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும்.

துளை போட்டதும் போல்ட்டை மாட்ட அவசரப்படுகிறார்கள். வேலையே இங்கேதான் இருக்கிறது. துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். வெறும் இரும்பு தெரியும் அந்த வட்டத்துக்குத் துரு தடுக்கும் பிரைமரைச் சிறு தூரிகையால் பூசி, காயவிட்டு, மறுபடியும் பூசுங்கள். கூரைமேல் சிதறிய இரும்புத்தூளைக் காந்தத்தால் ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். விட்டுவைத்த தூள் முதல் மழையிலேயே துருப்பிடித்து, பெயின்டில் பழுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஒட்டுப்பசை. காடி நெடி வீசும் மலிவான சிலிக்கோன் குளியலறைக்கு ஏற்றது, வேன் கூரைக்கு ஏற்றதன்று. அது காயும்போது வெளிவிடும் அமிலம் வெறும் இரும்பை அரிக்கும். அதன்மேல் பெயின்டும் ஒட்டாது, பிறகு வேறு பசை பூசினாலும் பிடிக்காது. வாகனத்துக்கென்றே விற்கும் பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள். அது காய்ந்த பிறகும் ரப்பர்போல் வளைந்துகொடுக்கும்.

வளைந்துகொடுப்பது ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலுமினிய ரெயிலின் நீளம் 2 மீட்டர். விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலில் கூரை கொதிப்பதற்கும் 40 பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெயில் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் நீளும். அதன் கீழுள்ள இரும்புக் கூரை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நீளும். ஒவ்வொரு நாளும் மேலிருப்பது கீழிருப்பதை இழுத்துத் தள்ளுகிறது. கெட்டியாக இறுகிப்போகும் பசை இந்த இழுபறியில் விண்டுபோகும். அதனால்தான் நீண்ட ரெயிலில் ஒரு துளையை மட்டும் போல்ட்டுக்குச் சரியாக வைத்து, மற்றவற்றைச் சற்று நீள்வட்டமாக வைப்பது நல்லது. இந்த நீள்வட்டம் ரெயிலில் இருக்கவேண்டும், கூரையில் அன்று.

பசையைத் திருகாணித் தலையின்மேல் பூசிப் பயனில்லை. அந்தப் பையனின் வேனில் நடந்தது அதுதான். ரெயிலின் காலுக்கும் கூரைக்கும் நடுவில், காலின் அடிப்பக்கம் முழுவதும் பசை இருக்கவேண்டும். துளையைச் சுற்றி வளையமாகவும், போல்ட்டின் மறையிலும் வேண்டும். பூசுமுன் இரண்டு பக்கத்தையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மெழுகு பூசிய கூரையில் எந்தப் பசையும் நிற்காது.

போல்ட்டை மேலிருந்து இறக்கி, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு தகட்டை வைத்து, அதன்மேல் நட்டைப் பூட்டவேண்டும். கூரைத் தகடு மெல்லியது. பின்தகடு இல்லாவிட்டால் காற்று ரெயிலைத் தூக்கும்போதெல்லாம் துளையைச் சுற்றித் தகடு வளையும், பசை பிரியும். ஒருவர் மேலே போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் உள்ளே நட்டைத் திருகட்டும். தலை சுழன்றால் பசையும் சுழன்று கிழிந்துவிடும். சுற்றிலும் பசை பிதுங்கியதும் நிறுத்துங்கள். முழுப் பலத்தோடு முறுக்கினால் பசையெல்லாம் வெளியே வந்து இரும்பும் இரும்பும்தான் மிஞ்சும். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம் காயும். இரண்டு மூன்று நாள் விட்டு, நட்டை இன்னும் கால் சுற்றுத் திருகினால் போதும்.

சோதனை செய்யாமல் உட்கூரைப் பலகையை அடித்துவிடாதீர்கள். தண்ணீர் புகுந்த இடத்திலேயே சொட்டாது. குறுக்குச் சட்டத்தின் வழியே ஊர்ந்துபோய் இரண்டு முழம் தள்ளிச் சொட்டும். ஆகவே ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் வண்ணச் சாக்குக்கட்டித் தூளைத் தூவுங்கள். இது மட்டும் என் வகுப்பறைச் சொத்து! பிறகு தாழ்வான காலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின்மேலும் ஐந்து நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். தூள் கரைந்தால் வந்த வழி தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பையனின் அம்மா கேமரன் மலையிலிருந்து எனக்குப் போன் செய்தார். "டீச்சர், ராத்திரி மழையே பெய்யல, ஆனா நட்டெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றார் பதற்றத்தோடு. அது ஒழுக்கு அன்று. மூன்று பேர் சன்னலை மூடிக்கொண்டு தூங்கினால் அவர்கள் மூச்சிலுள்ள ஈரம் எங்கே போகும்? வெளிக்குளிரை உள்ளே கொண்டுவரும் போல்ட்டின் நுனியில்தான் முத்து முத்தாகப் படியும். இரவில் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைக்கச் சொன்னேன். பிறகு நட்டின்மேல் ஒட்ட நுரைத்துண்டுகள் வெட்டிக்கொடுத்தேன். மழையில்லாத காலையிலும் ஈரமிருந்தால் மூச்சையும், மழை பெய்த பிறகு மட்டும் ஈரமிருந்தால் துளையையும் சந்தேகப்படுங்கள்.

வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு ஜேபிஜே அனுமதி தேவைப்படலாம். டிரில்லை எடுக்குமுன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள், பிறகு வாதாடிப் பயனில்லை. ரெயிலோடு சேர்த்து வேனின் உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். வாகன நிறுத்துமிடங்களின் உயரக் கம்பி உங்களுக்காக உயராது. உட்கூரைப் பலகையில், ஒவ்வொரு நட்டுக்கும் நேராகக் கையளவு மூடியொன்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து விரலால் தடவிப் பார்க்க வசதியாக இருக்கும்.